ஸ்லீவ் ஆபரேஷனுக்கு பேக்கேஜ்னு போறவங்க ஸ்டேப்ளர் ஸ்டிக்கரை எண்ணிப் பாருங்க

ஸ்லீவ்னா எடை குறைய இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கற ஆபரேஷன். யாரையும் பயமுறுத்த எழுதல. ஆபரேஷனே தப்புன்னும் சொல்ல வரல. எனக்குப் பண்ண சர்ஜன் கை நல்ல கை, அதுல குறை சொன்னா என் நாக்கு அழுகிரும். அவருக்கு முன்னாடியும் பின்னாடியும் நிக்கற ஆளுங்களைப் பத்திதான் சொல்லணும்.

எனக்கு 39 வயசு, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசர். 162 சென்டிமீட்டர் உயரம், 98 கிலோ, பி.எம்.ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு) 37 சொச்சம். தைராய்டு இருக்கு, சுகர் இப்பவா அப்பவான்னு எல்லைல நின்னுட்டிருந்துச்சு, முட்டி வலில ஆபீஸ் மாடிப்படி ஏறவே அழுகை வரும். கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம், பேரு போடல, கேஸ் போயிட்டிருக்கு. டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடியே கோஆர்டினேட்டர்னு ஒரு பொண்ணு ஏசி ரூம்ல உக்கார வச்சு காபி குடுத்து (சக்கரை இல்லாம, அதையும் சொல்லிச் சிரிச்சுது) எல்லாம் பேசி முடிச்சிருச்சு. பேக்கேஜ் 2,75,000, எல்லாம் சேர்த்து, இன்சூரன்ஸ்ல முழுசா வந்துரும், டயட்டீஷியன் லைஃப் லாங் ஃப்ரீ மேடம்னு.

இன்சூரன்ஸ்ல வரும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, உங்க பாலிசி பேப்பரை நீங்களே படிங்க. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஐ.ஆர்.டி.ஏ.ஐ வகுத்த வார்த்தைலயே பெரும்பாலான பாலிசில இது இருக்கும், பி.எம்.ஐ 40 இருக்கணும், இல்லன்னா 35ஆவது இருந்து கூடவே இதய நோயோ, கடுமையான ஸ்லீப் ஆப்னியாவோ (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது), கட்டுக்குள்ள வராத டைப் 2 சுகரோ இருக்கணும். தைராய்டு, முட்டி வலி எல்லாம் அந்த லிஸ்ட்லயே கிடையாது. நான் 37, எனக்கு வராதுன்னு அந்தப் பொண்ணுக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சுதான் ஃபார்ம்ல எனக்கு கட்டுக்கடங்காத சுகர்னு எழுதி அனுப்பிருக்காங்க, என் ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி) வெறும் 6.1. இன்சூரன்ஸ்காரங்க ரிப்போர்ட்டைக் கேட்டாங்க, பாத்தாங்க, ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. அது எப்ப தெரிஞ்சுது தெரியுமா, அட்மிட் ஆகி கைல ஊசி குத்தி டேப் ஒட்டினதுக்கு அப்புறம், ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயந்திரம் ஆறு மணிக்கு. கல்லீரல் சுருங்கணும்னு ரெண்டு வாரம் வெறும் ப்ரோட்டீன் ஷேக் குடிச்சு உசுரைப் பிடிச்சிட்டிருந்தவ நான், அந்த நேரத்துல எந்திரிச்சு வீட்டுக்கு வர எனக்கு மனசு வரல. வீட்டுக்காரர் ராத்திரியோட ராத்திரியா திருப்பூர் போய் அத்தையோட வளையலையும் என் ஆரத்தையும் எடுத்துட்டு காலைல கடை திறந்ததும் அடகு வச்சு பணம் கட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இரைப்பைல முக்கால் பங்குக்கு மேல ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துடறாங்க, மிச்சம் வாழைப்பழம் சைஸுக்கு ஒரு குழாய். முழிச்சப்ப வயிறு கூட அவ்வளவு வலிக்கல, தோள்பட்டைதான் பிச்சு எடுத்துச்சு. லேப்ராஸ்கோப்பிக்கு வயித்துக்குள்ள ஏத்தின கேஸ் உதரவிதானத்தைக் குத்தறதுல தோள்ல வலி வருமாம், நடந்தா சரியாகும்னு நைட் டியூட்டி சிஸ்டர் சொல்லித்தான் தெரியும், பாவம் அது ஒண்ணுதான் அந்த ஆஸ்பத்திரில என்கிட்ட முகம் பாத்துப் பேசுச்சு. ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு காரிடார்ல நடந்தேன். தண்ணி 30 மில்லி பிளாஸ்டிக் கப்புல, இருமல் மருந்து மூடி மாதிரி இருக்கும், அதைக் கால் மணி நேரம் வச்சு வச்சு உறிஞ்சணும். கொஞ்சம் பெரிய மடக்கா உள்ள போச்சுன்னா நெஞ்சுக்குழில ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். பக்கத்து பெட் அக்கா சொம்புல இருந்து மடக்கு மடக்குனு குடிக்கறதைப் பாத்து எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

மூணாம் நாள் டிஸ்சார்ஜ். பில்லு 3,94,200. பேக்கேஜ்ல சேராததுனு ஐசியு ஒரு ராத்திரி 18,000, வெட்டி ஒட்டற மெஷினுக்கு 24,000, மருந்து 22,400, நாங்க கேக்காமலே பையில வச்சிருந்த ப்ரோட்டீன் பவுடர் நாலு டப்பா 12,800 (அதே டப்பா ஒண்ணு ஆன்லைன்ல 1,900). அப்புறம் பெரிய ஐட்டம், ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ், அதாவது ஸ்டேப்ளருக்குள்ள போடற பின் செட். பேக்கேஜ்ல அஞ்சு, எனக்கு எட்டு ஆச்சு, கூடுதல் மூணுக்கு 42,000. உங்க வயிறு கொஞ்சம் தடிமன் மேடம்னு சொன்னாங்க. வலில இருக்கறவ என்னத்தைக் கேப்பா, கட்டிட்டு வந்தோம்.

லைஃப் லாங் டயட்டீஷியன் யாருன்னு கேட்டா, ஒரு வாட்ஸ்அப் நம்பர். அதுல ஒரு பிடிஎஃப். முதல் ரெண்டு வாரம் தண்ணியாகாரம், மூணாவது வாரத்துல இருந்து கிச்சடி, பனீர் புர்ஜினு போட்டிருந்துச்சு. கிச்சடினா நம்ம ரவா கிச்சடியாங்கனு கேட்டேன். கட்டை விரல் ஒண்ணு வந்துச்சு பதிலா. அத்தையும் பாசமா நெய் ஊத்தி ரவா கிச்சடி கிண்டிக் குடுத்தாங்க, ரெண்டு ஸ்பூன்தான். உள்ள போய் ஊதி அடைச்சு நின்னு, எச்சில் கூட இறங்காம பாத்ரூம்லயே உக்காந்திருந்தேன். அவங்க சொன்னது வடக்கத்திக் கிச்சடியாம், பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வேக வச்சது, அதையும் மசிச்சுதான் தரணுமாம். அன்னைக்கு ஆரம்பிச்ச வாந்தி எட்டு நாள் நிக்கல, தண்ணி குடிச்சாலும் வெளிய வருது. தினம் போன் பண்ணேன். ஸ்லீவ்ல வாந்தி நார்மல் மேடம், மெதுவா குடிங்க மேடம். ரெண்டு பாதமும் மரத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு சொன்னதுக்கும் அதே நார்மல் மேடம்தான். அத்தைக்குப் பொறுக்கல, "ஏனுங் தம்பி, புள்ள எந்திரிக்க முடியாமக் கெடக்குது, உங்க வீட்டுப் புள்ளைன்னா நார்மலும்பீங்களா"ன்னு போனைப் பிடுங்கிக் கேட்டாங்க. கட் பண்ணிட்டான்.

எங்க தெரு முனைல ஒரு வயசான டாக்டர் இருக்காரு, கன்சல்டிங் 150 ரூபாய். டிஸ்சார்ஜ் பேப்பரைப் படிச்சுட்டு, "ஏம்மா, வைட்டமின் ஒண்ணு கூட எழுதல, உன்னை ஆம்பளைன்னு வேற போட்டிருக்கான்"னாரு. வேற யாரோ பேஷன்ட்டோடதை காப்பி அடிச்சு என் பேரை மட்டும் மாத்திருக்காங்க. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் வாழ்நாள் முழுக்க எடுக்கணும், எனக்கு அதை யாரும் சொல்லல. விடாம வாந்தி எடுத்தா தயமின், அதாங்க பி1, சீக்கிரம் தீர்ந்துருமாம், அதை விட்டா பார்வை, நடை, ஞாபகம் வரைக்கும் போயிருமாம். அவரு முதல்ல தயமின் ஊசி போட்டுட்டுத்தான் குளுக்கோஸ் ஏத்தினாரு, வரிசை மாத்தினா இன்னும் மோசமாகும்னாரு. காய்ச்சல், நாடி 120 தாண்டறது, வயித்து வலி, இடது தோள் வலி வந்தா தையல் லீக்கா இருக்கலாம், நேரா ஆபரேஷன் பண்ண எடத்துக்கே ஓடணும்னு அவரு சொல்லித்தான் கேட்டேன். நாலு லட்சம் வாங்கினவன் சொல்லல. மரத்தது முழுசா தெளிய ரெண்டு மாசம் ஆச்சு.

கோவத்துல கேஸ் ஷீட் (ஆஸ்பத்திரில என் சிகிச்சையை எழுதி வச்ச பதிவு) நகல் வேணும்னு எழுதிக் குடுத்தோம். கேட்ட 72 மணி நேரத்துல குடுக்கணும்னு மருத்துவ கவுன்சில் விதியிலயே இருக்கு, அதை லெட்டர்ல எழுதினதும்தான் குடுத்தாங்க. பிரிச்சுப் பாத்தா, ஒவ்வொரு கார்ட்ரிட்ஜ் பிரிக்கறப்பவும் அதோட பார்கோடு ஸ்டிக்கரை ஆபரேஷன் தியேட்டர் ஷீட்ல ஒட்டிருக்காங்க. எண்ணினேன், அஞ்சு. திருப்பி எண்ணினேன், வீட்டுக்காரரையும் எண்ணச் சொன்னேன். அஞ்சே அஞ்சு. சர்ஜன் கைப்பட எழுதின குறிப்புலயும் அஞ்சு. எட்டுங்கறது பில்லிங் கவுன்டர்ல பிறந்தது.

ஜெராக்ஸோட போய் நின்னதும் மேனேஜர் வந்து கிளெரிக்கல் மிஸ்டேக்னு 42,000ஐ ஒரே வாரத்துல அக்கவுன்ட்ல போட்டுட்டாரு. இன்சூரன்ஸ் ஃபார்ம்ல பொய் எழுதினது, டிஸ்சார்ஜ் பேப்பர், வாந்திக்கு நார்மல்னது எல்லாத்துக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்டிருக்கோம். கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளனா கட்டணமே இல்ல, வக்கீல் இல்லாம நாமளே பேசலாம், ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுரணும். வாட்ஸ்அப் கட்டை விரலைக் கூட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இணைச்சிருக்கேன்.

இப்ப 77 கிலோ. முடி கொத்துக் கொத்தா கொட்டி இப்பதான் நிக்குது. போன வாரம் அதே கோஆர்டினேட்டர் பொண்ணு போன், "மேடம் 21 கிலோ குறைஞ்சிருக்கீங்க, சூப்பர், ஒரு டெஸ்டிமோனியல் வீடியோ தர்றீங்களா?"

நான் ஒண்ணும் பேசல, போனை அத்தை கைல குடுத்துட்டேன்.