ஹட்டனில் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கான சனிக்கிழமைக் குழு: ஒரு தாயின் மதிப்பீடு

ஹட்டன் நகரில், பிறருடன் பழகப் பயப்படும் பிள்ளைகளுக்காக உளவளத்துணையாளர் ஒருவர் சனிக்கிழமை காலைகளில் நடத்தும் சிறுகுழுவுக்கு, தரம் 4இல் படிக்கும் என் மகளைக் கடந்த தவணை முழுவதும் அனுப்பினேன். வீட்டில் ஓயாமல் பேசும் அவள், வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "பிரசன்ட் மிஸ்" என்று சொல்லவும் தயங்குவாள். இத்தகைய பிள்ளைகளை வைத்திருக்கும் மலையகப் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பிலேயே அவர் கேட்ட கேள்விகள் எனக்கு நம்பிக்கை தந்தன. பெரியவர்கள் முன் மட்டும் பேசாமல் இருக்கிறாளா, ஒத்த வயதுப் பிள்ளைகளிடமும் அப்படித்தானா, இது ஆறு மாதங்களுக்கு மேலாக நீடிக்கிறதா என்று விசாரித்தார். பெரியவர்களிடம் அடங்கி நிற்பதை நாம் மரியாதை என்று வளர்க்கிறோம். சக பிள்ளைகளிடமும் அதே பயம் மாதக்கணக்கில் தொடரும்போதுதான் சமூகப் பதற்றக் கோளாறு உள்ளதா என்று ஆராய்வார்கள் என அவர் விளக்கினார்.

"இந்தப் பிள்ளைக்கு மற்றவர்கள் மனசு விளங்காது" என்று பாடசாலையில் ஒருவர் சொல்லியிருந்தார். அதைச் சோதிக்க, 1983இல் விம்மர், பேர்னர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட கதைச் சோதனையை உளவளத்துணையாளர் செய்து காட்டினார். சிறுவன் ஒருவன் சாக்லேட்டை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் தாய் அதை வேறு அலுமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? நான்கு வயதைத் தாண்டிய பெரும்பாலான பிள்ளைகள், அவன் தான் வைத்த இடத்தில்தான் தேடுவான் என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். என் மகளும் உடனே சொன்னாள். பிறர் மனதில் வேறொரு எண்ணம் இருக்கும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்த எண்ணம் எப்போதும் தன்னைப் பற்றிய குறையாகவே இருக்கும் என்று அவள் முடிவு கட்டிவிடுவதுதான் சிக்கல்.

குழுவின் பயிற்சிகள் இந்த இடத்தைக் குறிவைத்தே அமைந்துள்ளன. இரண்டு சிறுமிகள் காதோடு காது பேசும் படமொன்றைக் காட்டியபோது, "என்னையப் பத்தித்தான் பேசுறாங்க" என்றாள் மகள். வேறு மூன்று காரணங்கள் சொல்லும்படி கேட்டார்கள். மூன்றாவதைச் சொல்ல அவளுக்கு நெடுநேரம் எடுத்தது, ஆனாலும் யாரும் அவளுக்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகொரு வாரம் பேக்கரிக்கு அனுப்பினார்கள். வாங்கிய மாலு பணிஸைத் திருப்பிக் கொடுத்து, சீனிச் சம்பல் பணிஸ் கேட்க வேண்டும். போகுமுன் தன் கொப்பியில் "கடை அண்ணா ஏசுவார்" என்று எழுதினாள். அவரோ நிமிர்ந்தும் பார்க்காமல் மாற்றிக் கொடுத்து, "சில்லறை இருக்கா மகள்?" என்றார். திரும்பி வந்தவள் அந்த வரிக்குக் கீழே "அவருக்குச் சில்லறை யோசனை" என்று எழுதி வைத்தாள். ஊகத்தை எழுதிவிட்டு உண்மையோடு ஒப்பிடும் இந்த முறைக்காகவே இச்சேவையைப் பரிந்துரைப்பேன். பயந்த இடத்தைத் தவிர்க்கும்போது கிடைக்கும் நிம்மதி பயத்தை மேலும் வளர்க்கும் என்பதால், சிறு படிகளாக அந்த இடத்துக்கே அழைத்துச் செல்வது சரியான வழி.

ஆயினும் ஒரு குறை உண்டு. பிள்ளையின் ஊகம் எல்லாமே பிழை என்ற தொனி ஆரம்ப வாரங்களில் இருந்தது. தோட்டத்து லயத்திலிருந்து நகரப் பாடசாலைக்கு வரும் பிள்ளையின் பேச்சையும் முகவரியையும் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அப்படிச் சிரிக்கப்பட்ட ஒரு சிறுவனிடம் "வேறு காரணம் யோசி" என்பது அநியாயம். அவன் பிறர் மனதைச் சரியாகவே வாசித்திருக்கிறான், பிழை சிரித்தவர்களுடையது. இதை எடுத்துச் சொன்னபோது உளவளத்துணையாளர் பொறுமையாகக் கேட்டு, அப்படி நடந்தால் என்ன பதில் சொல்வது, எந்த ஆசிரியரிடம் போவது என்ற பயிற்சியைப் பின்னர் சேர்த்துக்கொண்டார். கேலியைத் தடுக்கும் பொறுப்பு பாடசாலைக்கும் உண்டு என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசினார்.

தவணை இறுதியில் எல்லாப் பெற்றோர் முன்னிலையிலும் பிள்ளைகளை மேடையேற்றிப் பேச வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. படிப்படியாகக் கட்டியதை ஒரே நாளில் சோதிப்பது இது. சின்னவர்கள் சிலர் அழுதுவிட்டார்கள். நேரமும் இடைஞ்சலானது. சனிக்கிழமை கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாருக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருபவர்களுக்கு பஸ் செலவு வேறு. ஞாயிறு பிற்பகலிலும் ஒரு குழு தேவை.

பாடசாலையில் ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளைகள், புதிதாகச் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்காமல், முதலில் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டப்பட வேண்டியவர்கள். எங்கே போவதென்று தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். மற்றவர்களுக்கு இந்தக் குழு பொருந்தும். அடுத்த தவணையும் மகளை அனுப்புகிறேன், மேடை நிகழ்ச்சி நாளில் மட்டும் அனுப்பப் போவதில்லை என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.