கடற்கரை மணலுக்கு எந்த லிஃப்ட்? இரண்டு ஜிப்ஸிகளை ஓட்டிப் பார்த்த பிறகு

மண்டபத்திலிருந்து சாயல்குடி வரையுள்ள கடலோரத் தடங்களில் நாங்கள் ஓட்டுபவை இரண்டு பழைய மாருதி ஜிப்ஸிகள். என்னுடையதற்கு வளைவு கூடிய ஸ்பிரிங் பட்டைகளும் நீளமான ஷாக் அப்சார்பர்களும் போட்டு 2 அங்குலம் உயர்த்தியிருக்கிறோம்; வண்டியை இப்படி உயர்த்துவதைத்தான் லிஃப்ட் என்கிறோம், இது சஸ்பென்ஷன் லிஃப்ட். மைத்துனருடையதற்குப் பட்டைகளைத் தொடாமல், சேசிஸுக்கும் (அடிச்சட்டம்) பாடிக்கும் (மேற்கூடு) நடுவே இரும்புக் குழாய்த் துண்டுகளை வைத்து அதே 2 அங்குலம் உயர்த்தியிருக்கிறோம்; இது பாடி லிஃப்ட். இரண்டு வேலையும் ஒரே பட்டறையில் நடந்தவை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒரே உயரமாகத்தான் தெரியும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும்.

பாடி லிஃப்டில் சேசிஸ், கியர்பாக்ஸ், சைலன்சர் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கின்றன. சக்கரத்துக்கு மேலே இடம் கிடைப்பது ஒன்றுதான் லாபம். சஸ்பென்ஷன் லிஃப்டில் சேசிஸும் சேர்ந்து உயர்வதால், மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு இடிப்பது குறைகிறது. ஆனால் ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டான அச்சு என்பதால், அதன் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) இரண்டு முறையிலும் ஒரு நூல்கூட மேலே போகாது. அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அதிலும் டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் கிடைப்பது 1 அங்குலம். 2020இல் வந்த புதிய மஹிந்திரா தாரில் முன் டிஃபரென்ஷியல் சேசிஸோடு பொருத்தப்பட்டிருப்பதால் சஸ்பென்ஷன் லிஃப்டில் அதுவும் உயரும், பின்னால் உள்ளது உயராது. தொழிற்சாலையிலிருந்தே 226 மி.மீ. தரை இடைவெளியோடு வரும் அந்த வண்டியை இந்தக் கடற்கரைக்காக உயர்த்துவது வீண் செலவு என்பது என் எண்ணம்.

மணலில் வண்டி புதைவதற்கும் லிஃப்டுக்கும் பலரும் நினைக்கும் அளவுக்குச் சம்பந்தமில்லை. டயர்க் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிட்டால் இரண்டு ஜிப்ஸிகளுமே வாலிநோக்கம் பக்கத்து மணலில் மிதந்து போகின்றன. இறக்காவிட்டால் இரண்டுமே அச்சு வரை அமிழ்கின்றன. மீன் ஏற்றும் டிராக்டர்கள் போய்வந்து, இரு பக்கமும் பள்ளமும் நடுவில் மேடுமாக இறுகிப்போன தடத்தில்தான் வித்தியாசம் வெளிப்படுகிறது. அங்கே மைத்துனரின் வண்டியில் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் மணலை வழித்துக்கொண்டே வரும். என்னுடையதில் டிஃபரென்ஷியல் மட்டும் உரசும். (தனுஷ்கோடிக்காக வண்டியை உயர்த்த நினைப்பவர்கள், அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை இருப்பதை நினைவில் கொள்க. ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் எந்த லிஃப்ட் போட்ட வண்டிக்கும் கடற்கரை மணலில் வேலையில்லை.)

பாடி லிஃப்டைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். கடலை விட்டுச் சற்று உள்ளே திரும்பினால் வழியெங்கும் சீமைக்கருவேலம். அந்த முள் சாதாரண டயரின் பக்கச் சுவரையே துளைத்துவிடுகிறது. தடித்த பக்கச் சுவருள்ள பெரிய டயர் போட அவருக்கு இடம் தேவைப்பட்டது, மலிவாகக் கிடைத்தது. அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணமும் ஸ்டீயரிங் அமைப்பும் மாறாததால் சாலையில் வண்டி முன்போலவே ஓடுகிறது. என்னுடையதில் முன் அச்சின் கோணம் சற்று மாறி, வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராக வருவது குறைந்தது. பட்டைக்கு அடியில் ஆப்பு வைத்த பிறகே அது சரியானது. சேசிஸும் இன்ஜினும்கூட உயர்ந்துவிட்டதால், ஆடி மாதக் காற்றில் பாம்பன் சாலைப் பாலத்தைக் கடக்கும்போது என் வண்டிதான் அதிகம் அசைகிறது.

ஆனாலும் இந்தக் கரையில் பாடி லிஃப்டை நான் பரிந்துரைக்கத் தயங்குவதற்குக் காரணம் உப்பு. பாடியைத் தாங்கும் ஒவ்வொரு நீண்ட போல்ட்டும் குழாய்த் துண்டுக்குள் மறைந்து நிற்கிறது. உப்புநீர் உள்ளே இறங்கினால் வெளியேற வழியில்லை, கண்ணுக்கும் தெரியாது. பின் இருக்கைக்குக் கீழுள்ள ஒரு போல்ட்டைக் கழற்றியபோது குழாயிலிருந்து செம்மண் போலத் துருத்தூள் கொட்டியது. மரையில் பாதி அரித்துப்போயிருந்தது. அந்த போல்ட்டுகள்தாம் மொத்தப் பாடியையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அலுமினியத் துண்டு வைத்தாலும் இரும்பு போல்ட்டோடு உப்புநீர் சேரும் இடத்தில் அரிப்பு வரவே செய்யும். நைலான் துண்டு தேவலை. ஸ்பிரிங் பட்டைகளும் துருப்பிடிப்பவைதாம், ஆனால் அவை கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவி, அவற்றை அச்சோடு பிடிக்கும் யு போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்துவிடலாம்.

பட்டறையின் வேலையைப் பற்றி: பட்டை மாற்றியது சுத்தமாக இருந்தது. ஆனால் பிரேக் ஹோஸைப் பழைய நீளத்திலேயே விட்டிருந்தார்கள்; சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது அது விறைத்து நின்றதைக் காட்டிய பிறகே நீளமானது போட்டுத் தந்தார்கள். பாடி லிஃப்டில் ரேடியேட்டர் பாடியோடு மேலே போய்விட, விசிறி இன்ஜினோடு கீழே நின்றுவிட்டது. ரேடியேட்டரை இறக்கிப் பொருத்தத் தனியாகப் பட்டி அடிக்க வேண்டியிருந்தது, அதற்குக் கூலியும் தனியாக வாங்கினார்கள். ஸ்டீயரிங் தண்டு, கியர் கம்பி, டீசலோ பெட்ரோலோ ஊற்றும் குழாய், எர்த் வயர் ஆகிய நான்கும் புதிய உயரத்துக்கு எட்டுகின்றனவா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பட்டறைகள் தாமாகச் சொல்லாத இன்னொன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிசெய்தது. இரண்டு லிஃப்டுக்கும் இந்தக் கேள்வி எழும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதையே கேட்கும். ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டிலும் விசாரித்த பிறகே பட்டறைக்குப் போவது நல்லது.

மைத்துனர் தம் பெரிய டயர்களை விடுவதாக இல்லை. குழாய்த் துண்டுகளை எடுத்துவிட்டு நைலான் துண்டுகளும் துத்தநாகம் பூசிய போல்ட்டுகளும் போட, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வண்டியை விடப் போகிறார். வேறு பட்டறையில்.