மனிதக் கலங்களை வாசிக்க எது உகந்தது: கிராம் சாயமா, லீஷ்மன் சாயமா?

மாரி தொடங்கிப் படுவான்கரையில் வேளாண்மை மும்முரமாகும் காலத்தில், காய்ச்சலும் இருமலுமாக மட்டக்களப்புக்கு வருவோரின் சளியில் மண்ணிலும் நீரிலும் இருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் நோயின் பற்றீரியாவையே எல்லோரது கண்ணும் தேடும். ஆனால் நுணுக்குக்காட்டியில் பார்க்கும் கண்ணாடி வழுக்கியில் முதலில் வாசிக்க வேண்டியவை மனிதக் கலங்களே என்பேன்.

1884 இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட, பற்றீரியாவை ஊதா (கிராம் நேர்), இளஞ்சிவப்பு (கிராம் எதிர்) எனப் பிரித்துக் காட்டும் சாய முறை, இன்று செய்யப்படும் வடிவில், இதற்குப் பெரிதும் கைகொடுக்கிறது. வாயின் உட்பரப்பிலிருந்து உதிரும் செதின் மேலணிக் கலம் முட்டை அப்பத்தை மேலிருந்து பார்ப்பதுபோல, பரந்து மெலிந்த தட்டின் நடுவே சிறு கருவுடன் கிடக்கும். 10 மடங்கு பொருள்வில்லையில் ஒரு புலத்துக்கு இவை 10க்கு மேல் இருந்தால், அது பெரும்பாலும் எச்சில் கலந்த மாதிரி. 10க்குக் குறைந்து, பற்றீரியாவை எதிர்க்கும் வெண்குழியங்களான நடுநிலைநாடிகள் 25ஐத் தாண்டினால் நம்பிப் பற்றீரியா வளர்ப்புக்கு இடலாம். வெண்குழியங்கள் குறைந்துபோன நோயாளிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. இன்னொரு பயனையும் நான் பெரிதாக மதிக்கிறேன்: மனிதக் கலத்தின் கரு இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும், அது ஊதாவாகவே நின்றால் முதலில் ஏற்றிய ஊதாச் சாயத்தைக் கழுவி நிறம் நீக்கியது போதவில்லை, ஆகவே அந்த இடத்தில் ஊதாவாகத் தெரியும் பற்றீரியாவைக் கிராம் நேர் என்று எழுதக் கூடாது.

எனினும் எந்த வெண்குழியம் என்று கேட்டால் கிராம் தடுமாறுகிறது. பயிற்சிக் காலத்தில், மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் சூழ்ந்த மூளைய முண்ணாண் பாய்பொருளின் கிராம் வழுக்கியில் சுருங்கிய சிவப்பு உருண்டைகளை நடுநிலைநாடிகள் என்று நான் குறித்தேன். மூத்தவர் அதே மாதிரிக்கு, இரத்தக் கலங்களைப் பார்க்கப் பயன்படும் லீஷ்மன் சாயத்தை ஏற்றியபோது, கலத்தை நிறைத்த உருண்டைக் கருவுடன் அவை நிணநீர்க்குழியங்களாகத் தெளிந்தன. நடுநிலைநாடிகள் மிகுந்தால் பெரும்பாலும் பற்றீரியாத் தொற்று, நிணநீர்க்குழியங்கள் மிகுந்தால் வைரசோ காசநோயோ என்று வைத்தியரின் எண்ணம் திரும்பும் இடம் அது.

லீஷ்மன் சாயம் மெதனோலில் கரைந்திருப்பதால் கலங்களைச் சுடாமலே நிலைநிறுத்தும். கருவின் மடல்களும் இயோசின்நாடி என்ற வெண்குழியத்தின் செம்மஞ்சள் மணிகளும் தெளிவாகத் தெரியும். ஆனால் கழுவும் தாங்கற்கரைசலின் அமில-கார அளவான பீஎச் 6.8 அளவில் இருக்க வேண்டும். காரம் கூடிய தண்ணீரில் கழுவினால் எல்லாம் நீலம் பூத்துவிடும். பற்றீரியா யாவும் நீலமாகவே தெரிவதால் கிராம் நேரா எதிரா என்பதும் மறைந்துவிடும்.

சளிக்கும் சீழுக்கும் கிராம் ஒன்றே போதும். முண்ணாண் பாய்பொருளுக்கு இரண்டும் வேண்டும். ஒரு துளியே மிஞ்சினால் அதைக் கிராமுக்கே கொடுப்பேன், ஏனெனில் அன்றிரவே தொடங்க வேண்டிய மருந்தை முதலில் சொல்லக்கூடியது அதுதான்.