பி.ஏ. அரசியல் அறிவியல்: அரசுக் கல்லூரியா, கடன் வாங்கித் தனியாரா?

சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் படித்துவிடலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

தனியார் பல்கலைக்கழகம் என்றால்? சரி, கணக்குப் போடுவோம். அடமானம் இல்லாமல் 7.5 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 15 வருடம்: மாதத் தவணை சுமார் 8,060 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. முதல் வேலையில் 20,000 வாங்கும் பிள்ளைக்கு, வாடகை கொடுக்கும் முன்பே ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும்.

அங்கே நல்ல நூலகமும் டெல்லித் தொடர்புகளும் கிடைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் குரூப் 1, குரூப் 2 தேர்வு எழுத எந்தக் கல்லூரிப் பட்டமும் ஒன்றுதான். என்னைக் கேட்டால், அந்தக் கடனைச் சட்டப் படிப்புக்கோ முதுகலைக்கோ தள்ளிவைக்கச் சொல்வேன்.