ஊராட்சி போன ஊரை அ-பதிவேட்டில் தேடலாம்: அரசின் நில ஆவணத் தளம் எப்படி?

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 25 கிராம ஊராட்சிகள் அதற்குள் சேர்ந்தன. பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள காரப்பாக்கம் அவற்றில் ஒன்று. ஊராட்சி கலைந்தாலும் நில ஆவணங்களில் வருவாய்க் கிராமத்தின் பெயர் அழியவில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட ஊரின் பழைய முகத்தைக் காசு செலவில்லாமல் பார்க்க, தமிழ்நாடு அரசின் நில ஆவண மின்சேவைத் தளம் அருமையான வழி.

தளத்தில் முதலில் இடறுவது மாவட்டத்தைத் தெரிவு செய்வது. பழைய பத்திரங்களில் செங்கல்பட்டு என்றோ காஞ்சிபுரம் என்றோ இருக்கும். 2018-லிருந்து காரப்பாக்கம் சென்னை மாவட்டம், சோழிங்கநல்லூர் வட்டம். ஊரகத் தெரிவில் ஊர் வராவிட்டால் நகரத் தெரிவில் தேடுங்கள்.

அ-பதிவேடு என்பது கிராமத்து நிலங்களைப் புல எண் (சர்வே எண்) வாரியாகக் குறிக்கும் வருவாய்த்துறைப் பதிவேடு. அதில் புல எண்ணும் உட்பிரிவும் கொடுத்ததும் விரியும் பத்திகள்தாம் இந்தச் சேவையின் உயிர். நஞ்சையா புஞ்சையா, பாசனத்துக்கு எந்த நீர், மண்ணின் தரம், தீர்வை (நிலவரி) எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். குறிப்புப் பத்தியைத் தவறவிடாதீர்கள். ஏரி, வாய்க்கால், மேய்க்கால், களம், மயானம் என்று அதில் இருக்கும் ஒரு சொல், இன்று அடுக்குமாடி நிற்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது என்பதைக் காட்டிவிடும். பள்ளிக்கரணைச் சதுப்பின் வெள்ளம் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும் இந்தப் பகுதியில், வீடு வாங்குபவர் விலை பேசும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். பக்கத்துப் புல எண்களையும் சேர்த்துப் பாருங்கள். வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

பரப்பு ஹெக்டேர்–ஏர் கணக்கில் வரும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். 0–40.5 என்றிருந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். 'பழைய புல எண்' பத்தியைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறியதால், அதற்கு முந்தைய பத்திரங்களோடு பொருத்த அந்த எண்தான் உதவும்.

குறை என்றால், நகர நில அளவை முடிந்த இடங்களில் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று எல்லாமே மாறிவிடுகிறது. கிராமப் புல எண்ணை மட்டும் கையில் வைத்திருப்பவர் அங்கே திணறுவார். பழைய எண்ணுக்கு எந்தப் புதிய எண் என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். தளத்தில் தெரிவதும் இன்றைய பட்டாதாரர் பெயர் மட்டுமே. நிலம் யார் யார் கைமாறி வந்தது என்பதற்குப் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். அந்தத் தளத்தில் கிடைக்காத பழைய காலத்துக்கு வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.