எட்டு நாள் மௌன தியானம்: எங்கே வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது

மனசு லேசாக வேண்டும் என்பதற்காக எட்டு நாள் தியானத்துக்குப் பதிவு செய்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: அதற்கு இரண்டு நாள் நல்ல தூக்கம் போதும். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலை ஒட்டி நடக்கும் மௌன தியானம் வேறு வேலைக்கானது. நம் விருப்பம் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்று துல்லியமாகக் காட்டி, அந்த இடத்தில் பிடியைத் தளர்த்தப் பழக்குவதுதான் இதன் வேலை.

நூலில் உள்ள மூலப் பயிற்சி முப்பது நாள், நான்கு 'வாரங்கள்' எனும் கட்டங்கள். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் தந்தது அதற்குத்தான். எட்டு நாள் என்பது சுருக்கம். ஒரு நாளில் நான்கைந்து செப வேளைகள், ஒவ்வொன்றும் முழுதாக ஒரு மணி நேரம். முடிந்ததும் கால் மணி நேரம் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். திருப்பலி, வழிகாட்டியோடு அரை மணி நேரச் சந்திப்பு, இரவில் ஆன்ம சோதனை, அதாவது அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது. பேச்சு வழிகாட்டியிடம் மட்டும். குறிப்பேட்டில் கட்டுரை எழுத வேண்டாம். மனம் எங்கே தங்கியது, எங்கே கசந்தது, எங்கே நழுவப் பார்த்தது என்று மூன்று வரி போதும். அடுத்த வேளைக்குப் புது விவிலியப் பகுதி எடுக்காமல் அந்தக் கசந்த இடத்துக்கே திரும்பிப் போகச் சொல்வார்கள். பலருக்கு இது பிடிக்காது. ஆனால் தியானத்தின் பாதிப் பலன் இந்த மறுசெபத்தில்தான் இருக்கிறது.

சின்ன விதி ஒன்று உண்டு. செபம் வறண்டுபோய், ஐம்பதாவது நிமிடத்தில் கண் கடிகாரத்தைத் தேட ஆரம்பித்தால், ஒரு மணி நேரத்தை முடித்துவிட்டுச் சற்றுக் கூடுதலாகவே உட்கார வேண்டும். இனிக்கும்போது உட்காருவது யாருக்கும் எளிது. எழுந்துவிடலாம் என்று உடம்பு சொல்லும்போது இன்னும் இரண்டு நிமிடம் இருப்பது, சுயவிருப்பத்தைக் கையளிப்பதற்கான மிகச் சிறிய ஒத்திகை. கைபேசியை அலாரத்துக்காக அறையில் வைத்துக்கொண்டால் இந்த விதி முதல் நாளே செத்துவிடும். மேசைக் கடிகாரம் கொண்டுபோங்கள்.

இந்தப் பயிற்சியின் அமைப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சுயவிருப்பத்தை விடப் பழக்கும் பயிற்சி, ஒவ்வொரு வேளையையும் 'எனக்கு என்ன வேண்டும்' என்று கேட்பதோடுதான் தொடங்குகிறது. இயேசு கைதாகும் முன் செபித்த கெத்சமனியில் நடந்ததும் இந்த வரிசையில்தான். துன்பக் கிண்ணத்தை அகற்றச் சொல்லி அவர் முதலில் கேட்கிறார். உம் விருப்பப்படியே ஆகட்டும் என்பது அதற்குப் பிறகு. முதல் பாதியைத் தாண்டிக் குதித்து, வந்த அன்றே 'எல்லாம் உம் சித்தம்' என்று சொல்லிவிடுபவர்களுக்கு எட்டு நாளும் சுகமாகக் கழியும், ஒன்றும் நகராது. மேசைமேல் வைக்காத பொருளை எப்படிக் கொடுப்பது?

நம் விருப்பம் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கூர்மையான கருவி, நூலில் வரும் மூன்று வகை மனிதர் பற்றிய தியானம். மூவரிடமும் ஆளுக்குப் பத்தாயிரம் டுகாட் பொற்காசு இருக்கிறது. அதன்மேல் பற்றும் இருக்கிறது. பற்று போக வேண்டும் என்று மூவருமே விரும்புகிறார்கள். முதலாமவர் சாகும்வரை ஒன்றும் செய்வதில்லை. இரண்டாமவர் பற்றை விடத் தயார், பணம் மட்டும் கையிலேயே இருக்க வேண்டும். தான் நிற்கும் இடத்துக்குக் கடவுள் வர வேண்டும் என்கிறார். மூன்றாமவர் பணத்தைக் கொடுத்துவிடுகிறவர் அல்ல, இங்கேதான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். வைத்துக்கொள்வதா விடுவதா என்ற முடிவையே கடவுளிடம் விட்டுவிட்டவர் அவர். பக்தியுள்ளவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. பணம் என்ற இடத்தில் பங்குப் பேரவைப் பதவி, பிள்ளையின் படிப்பு, தலைமுறைச் சண்டையில் 'நான் சொன்னதுதான் சரி' என்பது என எதை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

நூலில் தாழ்ச்சியின் மூன்று நிலைகள் என்ற பகுதியில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. முதல் நிலை, உலகமே கிடைத்தாலும் கட்டளையை மீறிச் சாவான பாவத்துக்கு, அதாவது கடவுளோடு உறவை முறிக்கும் கனமான பாவத்துக்கு, உடன்படாதது. இரண்டாவது, செல்வமோ வறுமையோ, மதிப்போ அவமதிப்போ, ஒரே மனநிலையில் இருப்பது. மூன்றாவது, கிறிஸ்துவோடு வறுமையையும் இகழ்ச்சியையும் விரும்பித் தேர்வது. இந்த மூன்றாவதற்கு மூலத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: இறைவனின் புகழும் மாட்சியும் இரு பக்கமும் சமமாக இருக்கும்போது. அதை விழுங்கிவிட்டு, அடி வாங்கும் மனைவியிடமும் ஏய்க்கப்படும் ஊழியரிடமும் 'பொறுத்துப்போவதுதான் தாழ்ச்சி' என்று பேசும் இடத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். மேலும், அந்த நிலை பல்லைக் கடித்துச் சாதிப்பதல்ல. தன்னை அதற்குத் தேர்ந்தெடுக்கும்படி ஆண்டவரிடம் கேட்பது மட்டுமே நம் பங்கு.

வழிகாட்டியைப் பொறுத்தே தரம் அமைகிறது. அவர் தராசின் முள் போல நடுவில் நிற்க வேண்டும், படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள விட வேண்டும் என்பது அவருக்கே எழுதப்பட்ட விதி. 'துறவறத்துக்குப் போ', 'இந்தத் திருமணம் கடவுள் சித்தம்' என்று சொன்னால் அவர் விதியை மீறுகிறார். உங்கள் பாவங்களைத் துருவிக் கேட்கவும் கூடாது. மனத்தில் எழும் அசைவுகளைக் கேட்டால் போதும். நல்லவர் குறைவாகப் பேசுவார். உங்களுக்கு எந்த அசைவுமே இல்லையென்றால், நேரத்துக்கு உட்காருகிறீர்களா, எப்படிச் செய்கிறீர்கள் என்று விசாரிப்பார்.

முடிவெடுக்க வருபவர்களுக்கான முறை நடைமுறைக்கு உகந்தது: ஏற்றால் நன்மை, தீமை; மறுத்தால் நன்மை, தீமை என்று எடைபோடுவது. பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்தால் என்ன சொல்வேன், சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவேன் என்று கேட்டுப் பார்ப்பது. மனம் இருண்டு கிடக்கும் நாளில் மட்டும் முந்தைய தீர்மானத்தை மாற்றக் கூடாது. நான்காம் நாள் மாலை மூட்டை கட்டத் தோன்றுவது இந்த வகை. ஐந்தாம் நாள் மதியம்வரை பொறுங்கள்.

குறை ஒன்று. என் சுதந்திரம், நினைவு, அறிவு, சித்தம் அனைத்தையும் எடுத்துக்கொள்ளும் என்ற கையளிப்பு செபம் மூலத்தில் கடைசியில், பெற்ற கொடைகளை எல்லாம் நினைத்துப் பார்த்த பிறகு வருகிறது. சில இடங்களில் அதை முதல் மாலையே பாட்டாகப் பாட வைக்கிறார்கள். எட்டாம் நாள் அது வரும்போது வாய் மட்டும் அசைகிறது.

கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள், அண்மையில் துணையை இழந்தவர்கள் இத்தனை நீண்ட மௌனத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. மற்றவர்கள் பதிவு செய்யும்முன் மூன்று கேள்வி கேளுங்கள்: தினமும் தனிச் சந்திப்பு உண்டா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், நாளுக்கு எத்தனை பிரசங்கம். காலையும் மாலையும் நீண்ட பிரசங்கம் என்றால் அது வேறு வகைத் தியானம், இதுவல்ல. வேலையையும் வீட்டையும் விட்டு வர முடியாதவர்களுக்கு, தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வீட்டிலிருந்தே செய்யும் வழியை நூலின் தொடக்கத்தில் உள்ள 19ஆம் முன்குறிப்பு தருகிறது. பல மாதம் பிடிக்கும், ஆனால் எட்டு நாளில் அவசரமாகத் தொட்டுப்போகும் இடங்களில் அதில் நின்று நிதானிக்கலாம்.