போர் மோட்டார் டிரைவும் ரேடியோ கரகரப்பும்: மூன்று கோடை தாண்டிய ஷீல்டிங்

பாலக்கோடு பக்கத் தோட்டம், 7.5 எச்.பி. போர் மோட்டார், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. டிரைவ். டிரைவைப் போட்டதும் மீடியம் வேவில் திருச்சி வானொலி (936 கிலோஹெர்ட்ஸ்) கரகரப்பில் மூழ்கிவிடும். தருமபுரி எஃப்.எம். 102.5 அவ்வளவாகக் கெடாது. டிரைவ் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டும் ஸ்விட்சிங் சில கிலோஹெர்ட்ஸ்தான், ஆனால் வெட்டுகிற ஐ.ஜி.பி.டி. டிரான்சிஸ்டர் மைக்ரோ நொடிக்குள் ஆன், ஆஃப் ஆவதால் அதன் ஹார்மோனிக்ஸ் (மடங்கு அதிர்வெண்கள்) மெகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது.

காசில்லாத வைத்தியம் முதலில். கேரியர் ஃப்ரீக்வென்சியை, அதாவது அந்த ஸ்விட்சிங் வேகத்தை, 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 2-க்கு இறக்கினால் துடிப்புகள் கால்பங்காகும், கசிவு மின்சாரமும் குறையும். மோட்டார் ரீங்கரிக்கும்தான், ஆனால் பல நூறு அடி ஆழத்தில் அது யார் காதிலும் விழாது.

பெரிய பலன் தந்தது டிரைவிலிருந்து போர் வாய் வரை போட்ட ஷீல்டு கேபிள், ஒயர்களைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ளது. அதிலும் கேபிளைவிட அதன் முனைதான் முக்கியம். பின்னலை முறுக்கி, வால் மாதிரி இழுத்து எர்த் போல்ட்டில் கட்டுவது வழக்கம். 10 செ.மீ. வால் ஏறத்தாழ 100 நானோஹென்றி இண்டக்டன்ஸ், அதாவது 10 மெகாஹெர்ட்ஸில் 6 ஓமுக்கு மேல் தடை. இரைச்சல் அந்த வழியை விட்டு வேறு வழி தேடிப் போய்விடும். மேலுறையை 3 செ.மீ. உரித்து, பின்னலை அறுக்காமல், சுற்றிலும் கவ்வுகிற உலோகக் கிளாம்ப்பால் பேனல் தகட்டோடு இறுக்க வேண்டும். கிளாம்ப் உட்காரும் இடத்தில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரியணும்.

தொல்லை தருவதும் அந்த இடமே. முதல் மழைக்காலம் முடிந்ததும் கிளாம்ப்பைச் சுற்றி மெல்லிய செம்மஞ்சள் துரு வளையம், கூடவே கரகரப்பும் திரும்பியது. எமரி தாளால் தேய்த்து, மறுபடி இறுக்கி, விளிம்பில் வாசலின் பூசியதும் அடங்கியது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் வருஷம் தவறாமல் இதைச் செய்தே ஆகணும்.

ஒயர் மேல் கவ்வ வைக்கும் கிளிப் ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) ஏமாற்றம். ஒரு தரம் நுழைந்து வரும் ஒயருக்கு மீடியம் வேவில் அது கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது. இரண்டாம் கோடையில் வெயில் பட்டு பிளாஸ்டிக் கொக்கியும் விரிந்தது. இரு பாதிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலே ஃபெரைட்டின் வேலை போச்சு. முழு வளையம், மாங்கனீஸ்-துத்தநாக ரகம் வாங்கி, மூன்று பேஸ் ஒயரையும் சேர்த்து 3 சுற்று சுற்றினால் தடை 9 மடங்கு. எர்த் ஒயர் வளையத்துக்கு வெளியே போகட்டும். வளையம் கை வைக்க முடியாமல் சுட்டால் இன்னொன்றைச் சேர்த்து அடுக்கணும்.

டிரைவுக்குக் கரண்ட் உள்வரும் பக்கம் இரைச்சலை வடிகட்டும் இ.எம்.ஐ. ஃபில்டர் நன்றாக உழைக்கிறது. அதன் உள், வெளி ஒயர்களை ஒன்றாகக் கட்டிவிட்டால் மட்டும் வீண். கசிவு மின்சாரத்தைக் கண்டால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று எர்த்தைக் கழற்றிவிடாதீர்கள், ஃபில்டர் உடம்பே ஷாக் அடிக்கும். குறைந்த கசிவு ரக ஃபில்டரும் டிரைவுக்குரிய பி டைப் ஆர்.சி.சி.பி.யும்தான் சரி.

கோடையில் பாறை மண் காய்ந்ததும் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவோம். உயிர்க் காப்புக்கு அது வேண்டும். கரகரப்பு மட்டும் அதனால் குறையாது. இரைச்சல் மின்சாரம் பிறந்த இடமான டிரைவுக்கே திரும்பணும், மண்ணுக்கு அல்ல. ஆகவே பேனல் தகட்டிலிருந்து டிரைவின் எர்த் முனைக்குக் குட்டையான தட்டைச் செம்புப் பின்னல். சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றுவது வீண் வேலை.

சோதிக்க பாக்கெட் ரேடியோ போதும். 936-இல் வைத்து ஒயர் ஓரமாக நடந்தால், உறுமல் கூடும் இடமே ஓட்டை. இப்போது வீட்டில் திருச்சி தெளிவாகக் கேட்கிறது. போர் வாயருகே இன்னும் உறுமுகிறது, உள்ளே இறங்கும் தட்டைக் கேபிளுக்கு ஷீல்டு இல்லையே. அதற்கு டிரைவின் வெளிப்பக்கம், துடிப்புகளைச் சீரான அலையாக்கும் சைன் ஃபில்டர்தான் போடணும்.